ஆன்டலோப் கேன்யனுக்கு வழிகாட்டி இல்லாமல் நாமே போய்ப் பார்க்க முடியுமா?

முடியாது. அமெரிக்காவின் அரிசோனாவில் பேஜ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் குறுகிய மணற்பாறைப் பிளவு நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம், அனுமதி பெற்ற வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள், அது நியாயமும்கூட. 1997 ஆகஸ்டில் எங்கோ தள்ளிப் பெய்த மழை திடீர் வெள்ளமாகப் பாய்ந்து 'லோயர்' எனப்படும் கீழ்ப் பகுதியில் 11 பேரின் உயிரைப் பறித்தது. உள்ளே நிற்பவருக்கு மேலே வானம் தெளிவாகவே தெரியலாம்.

'அப்பர்' எனப்படும் மேல் பகுதி தனி, அங்கே தரை சமம், கோடை நண்பகலில் ஒளிக்கற்றை நேராக இறங்கும், அதனால் கூட்டம் அதிகம். கீழ்ப் பகுதியில் இரும்பு ஏணிகள், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். அப்புறம் கோடையில் நவஹோ நிலத்தின் நேரம் பேஜை விட ஒரு மணி முன்னால் இருக்கும், செல்போன் குழப்பும். சுற்றுலா பேஜ் நேரப்படிதான்.