ஏரி யார் பெயரில் இருக்கிறது?

வணக்கம்.

வீடு வாங்குவது பற்றிய உங்கள் பதில்களைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஷார்லட்டில் எட்டு ஆண்டுகளாக வாடகை வீடு. இப்போது இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, நகரத்திலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில், 1970களில் உருவான குடியிருப்பு. 160 வீடுகள், நடுவில் நாற்பது ஏக்கர் ஏரி. வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு (எச்.ஓ.ஏ.) கட்ட வேண்டிய கட்டணம் ஆண்டுக்கு 900 டாலர்தான். இன்னொன்று லேக் நார்மன் கரையில், படகுத்துறையோடு. விலையும் அதிகம், கட்டணமும் அதிகம். "இவ்வளவு குறைந்த எச்.ஓ.ஏ. எங்கும் கிடைக்காது" என்று ஏஜென்ட் முதலாவதைத்தான் வற்புறுத்துகிறார். எச்.ஓ.ஏ. என்றாலே நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வேலி போட அனுமதி, கதவின் நிறத்துக்கு அனுமதி, ஊரிலிருந்து வரும் அம்மா கொல்லையில் துணி காயப்போட்டால் அபராதம் என்கிறார்கள். மூன்று படுக்கையறை போதாது என்பதால் நான்காவது ஒன்று கட்டவும் எண்ணம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

செ., ஷார்லட், வட கரோலினா

*

அன்புள்ள செ.,

உங்கள் கடிதத்தில் வேலி இருக்கிறது, கதவின் நிறம் இருக்கிறது, துணிக்கொடி இருக்கிறது. ஏரி யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் இல்லை. ஏரிக்கரைக் குடியிருப்பில் முதலில் கேட்க வேண்டியது அதுதான். நீங்கள் பார்த்த இரண்டு வீடுகளையும் பிரிப்பதும் அதுதான்.

லேக் நார்மன், 1960களின் தொடக்கத்தில் கவன்ஸ் ஃபோர்டு அணை கட்டியதால் உருவான நீர்த்தேக்கம். அணை டியூக் எனர்ஜி என்ற மின் நிறுவனத்துடையது. பொதுவாகக் கடல்மட்டத்திலிருந்து 760 அடிக் கோட்டுக்குக் கீழே உள்ள நிலமும் அவர்களுடையதே. மத்திய அரசின் எரிசக்தி ஆணையம் தரும் உரிமத்தின் கீழ் அதை நடத்துகிறார்கள். அந்த அணைக்குச் செலவு வந்தால் உங்கள் சங்கத்துக்கு ரசீது வராது.

நாற்பது ஏக்கர் ஏரியின் கதை வேறு. அந்தக் காலத்துக் குடியிருப்புகளில் வழக்கமாக நடந்தது இது: மனைகளைப் பிரித்தவர் ஓர் ஓடையை மறித்து மண்கரை போடுவார், மனைகள் விற்று முடிந்ததும் ஏரியையும் கரையையும் சங்கத்தின் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார். இங்கும் அப்படித்தான் என்றால் நீங்கள் வாங்கப்போவது ஒரு வீட்டையும், ஐம்பது ஆண்டுப் பழைய மண் அணையில் 160-இல் ஒரு பங்கையும். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் ஏரி வாரியத்தின் வேலையை இங்கே எச்.ஓ.ஏ.வின் ஐந்தாறு தன்னார்வலர்கள் செய்துகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவருக்காவது கரை, மடை, கலங்கல் (உபரி நீர் வழிந்தோடும் இடம்) பற்றித் தெரியுமா என்பதில்தான் உங்கள் பணம் நிற்கிறது.

இதை இன்றிரவே வீட்டில் உட்கார்ந்தபடி பார்த்துவிடலாம். கவுன்டி நிர்வாகம் இணையத்தில் வைத்திருக்கும் நில உரிமை வரைபடத்தை (ஜி.ஐ.எஸ்.) திறந்து ஏரியின் மேல் சொடுக்குங்கள். உரிமையாளர் பெயர் வரும். சங்கத்தின் பெயர் வந்தால், மாநிலச் செயலரின் தளத்தில் அந்தச் சங்கத்தின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏதோ ஒரு தனியார் நிறுவனத்தின் (எல்.எல்.சி.) பெயரோ, எப்போதோ மூடிப்போன கட்டுமான நிறுவனத்தின் பெயரோ வந்தால் அது இன்னும் மோசம். தண்ணீரைப் பார்க்க நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள், அது நிற்பதும் வடிவதும் வேறொருவர் கையில் இருக்கிறது. உங்கள் மாநிலத்திலேயே மூர் கவுன்டியின் வுட்லேக்கில் இதுதான் நடந்தது. அணை தனியாரிடம் இருந்தது. 2016 அக்டோபரில் மேத்யூ புயலின்போது அணை ஆட்டம்கண்டு, தேசியக் காவல்படை மணல்மூட்டை அடுக்கிக் காப்பாற்றியது. அடுத்த ஆண்டு கரையை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார்கள். ஏரிமுகம் என்று விலை கொடுத்தவர்களின் வீட்டுக்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் புல்தான் இருந்தது.

அரசு அமைப்பிடம் அணை இருந்தாலும் வீட்டுக்காரர் தப்பிவிடுவதில்லை. டெக்சாஸில் குவாடலூப் ஆற்றின் மேல் உள்ள லேக் டன்லப், 2019 மே மாதம் ஒரு மதகு உடைந்து சில மணி நேரத்தில் வடிந்தது. கரையோர வீட்டுக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக்கொள்ள, ஏரிக்கென ஒரு தனி வரி அமைப்பை வாக்களித்து அமைத்த பிறகுதான் 2023-இல் ஏரி மீண்டும் நிரம்பியது.

அடுத்து, அணையின் தரவரிசை. வட கரோலினாவின் சுற்றுச்சூழல் துறையில் அணைப் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. உடைந்தால் கீழே வரும் சேதத்தைப் பொறுத்து அணைகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சி என்றால் அணை பழுதாகியிருக்கிறது என்று பொருளில்லை. உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் வரும் என்று பொருள். 25 அடிக்குக் குறைவான உயரமோ 50 ஏக்கர்-அடிக்கு (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) குறைவான கொள்ளளவோ உள்ள அணைகளுக்குப் பொதுவாக விலக்கு உண்டு, ஆனால் சி வகைக்கு அந்த விலக்கும் இல்லை. 1970களில் கரைக்குக் கீழே சோளக்காடு இருந்திருக்கும். இப்போது அங்கே புதுக் குடியிருப்பு வந்திருக்கும். கரையில் ஒரு பிடி மண்கூட மாறாமல் ஏ-யிலிருந்த அணை சி-க்குப் போய்விடும். போனவுடன் கலங்கல் பெரிய வெள்ளத்தைத் தாங்க வேண்டும், அவசரகாலத் திட்டம் வேண்டும், பொறியாளர் வேண்டும். சங்கத்தின் தவறே இல்லாமல் வரும் செலவு இது. அதனால் ஏரியைப் பார்க்கப் போகும்போது கரைக்குக் கீழ்ப்பக்கமும் ஒருமுறை காரில் சுற்றி வாருங்கள்.

அணைப் பாதுகாப்புப் பிரிவின் மூர்ஸ்வில் வட்டார அலுவலகத்துக்கு அணையின் பெயரைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பினால் ஆய்வறிக்கைகளையும் குறைபாட்டு அறிவிப்புக் கடிதங்களையும் கேட்டுப் பெறலாம். அவை பொது ஆவணங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கரையில் நீங்களே நடந்தும் பார்க்கலாம். சங்கத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்துப் போங்கள். கரைமேல் பெரிய மரங்கள் நின்றால் அது அழகு அல்ல, பல ஆண்டு அலட்சியம். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த வழியே தண்ணீர் பாதை பிடிக்கும். உயிரோடு புயலில் சாய்ந்தால் கரையின் ஒரு துண்டைப் பிடுங்கிக்கொண்டு சாயும். வெளிச்சரிவின் அடியில் ஊறல் இருக்கிறதா பாருங்கள். ஊறும் நீர் தெளிவாக இருந்தால் கண்காணிக்க வேண்டியது. சேறாகக் கலங்கி வந்தால் கரையின் உள்மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். அந்த வீட்டை அன்றே விட்டுவிடுங்கள். பிறகு குழாய். அக்காலத்துச் சிறு அணைகள் பலவற்றில் உபரி நீர் நெளி உலோகக் குழாய் வழியாகத்தான் கரையைக் குடைந்து போகும். ஐம்பது ஆண்டில் அதன் அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டை விழும். ஓட்டை வழியே சுற்றியுள்ள மண் உள்ளே இழுபடும், மேலே கரையில் குழி விழும். குழாயின் வெளிவாயைப் பார்த்தாலே அடி இருக்கிறதா தேய்ந்ததா என்று தெரியும். உள்ளே புதுக் குழாய் செருகியிருக்கிறார்களா, எந்த ஆண்டில் என்று கேளுங்கள். அடிமடை வால்வைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதும் நல்ல கேள்வி. வெள்ளத்துக்கு முன் நீரை இறக்க முடியாத ஏரியா அது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

இப்போது 900 டாலருக்கு வருவோம். 160 வீடுகள் சேர்ந்து ஆண்டுக்கு 1,44,000 டாலர். இதில் புல்வெட்டு, காப்பீடு, மேலாண்மை நிறுவனம், தெருவிளக்கு போக, பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்துவைக்கும் ரிசர்வ் நிதிக்குப் பத்து சதவீதம் போகிறது என்று வையுங்கள்: 14,400. தூர்வாருவதை மட்டும் கணக்கிடுவோம். ஓடை வந்து சேரும் மூலையில் ஐந்து ஏக்கருக்கு மூன்றடி வண்டல் சேர்ந்திருக்கிறது என்றால் அது சுமார் 24,200 கன கஜம். கணக்குக்காகக் கன கஜத்துக்கு 30 டாலர் என்று வைத்தாலும் 7,26,000 டாலர், வீட்டுக்கு 4,500-க்கு மேல். அந்த ரிசர்வை ஐம்பது ஆண்டு சேர்த்தால்தான் அந்தத் தொகை தேறும். அணைக்கு ஒரு டாலர்கூட இன்னும் எடுத்துவைக்கவில்லை. குறைந்த கட்டணம் என்று உங்கள் ஏஜென்ட் சொல்வது, நாற்பது ஆண்டுகளாகக் கட்டாமல் விட்ட தவணை. அது ஸ்பெஷல் அசெஸ்மென்ட்டாக, அதாவது வழக்கமான கட்டணத்துக்கு மேல் வசூலிக்கும் தனித் தொகையாக, அன்று யார் உரிமையாளரோ அவர் தலையில் விழும்.

வேறு யாரும் இதை உங்களுக்காகப் பார்க்க மாட்டார்கள். காண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கினால் கடன் தரும் நிறுவனம் சங்கத்தின் கணக்கை ஆராயும். தனி வீட்டுக்குப் பெரும்பாலும் அப்படி இல்லை. வீட்டு ஆய்வாளர் கூரையையும் ஏசியையும் பார்ப்பார், அணையைப் பார்க்க மாட்டார். சங்கங்களை மேற்பார்வையிட வட கரோலினாவில் தனி அரசு அமைப்பும் கிடையாது.

சங்கத்துக்கு வசூலிக்கும் அதிகாரம் இருக்கிறதா என்பது அடுத்த சிக்கல். மாநிலத்தின் திட்டமிட்ட குடியிருப்புச் சட்டம் 1999 ஜனவரி 1 முதல் உருவானவற்றுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். அவற்றில் நிர்வாகக் குழு போடும் பட்ஜெட்டை மொத்த உரிமையாளர்களில் பெரும்பான்மையினர் நிராகரித்தால் தவிர அது நிறைவேறிவிடும். உங்களுடையது பழையது, எனவே கட்டணத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்பதைப் பெரும்பாலும் குடியிருப்பின் விதிகளைப் பதிவுசெய்த அந்தக் காலத்துப் பத்திரமே தீர்மானிக்கும். ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடாது, ஸ்பெஷல் அசெஸ்மென்ட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பது போன்ற வரிகளைத் தேடுங்கள். உள்தெருவில் இருப்பவர்கள் 'ஏரி எனக்கெதற்கு' என்று எதிர்த்து வாக்களித்தால் அணை அப்படியே நிற்கும். பத்திரத்தைத் திருத்திக்கொள்ளலாமே என்றால் அதற்கும் எல்லை உண்டு. ஹெண்டர்சன் கவுன்டியின் லெட்ஜஸ் குடியிருப்பு வழக்கில், திருத்தம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்று சொல்லி, சங்கத்தின் வசூல் அதிகாரத்தை மிகவும் விரித்த திருத்தத்தை 2006-இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. பத்திரம் பதிவாளர் அலுவலகத்தின் தளத்திலேயே கிடைக்கும். முழுவதும் படியுங்கள்.

லேக் நார்மன் வீட்டில் அணைக் கவலை இல்லை, ஆனால் கரை உங்களுடையது போலத் தோன்றும், முழுக்க உங்களுடையது அல்ல. படகுத்துறை டியூக்கின் அனுமதியில் நிற்கிறது. அந்த அனுமதிச் சீட்டையும் வரைபடத்தையும் விற்பவரிடம் வாங்கி, இப்போது நிற்கும் துறை அதே அளவில்தான் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். மேலே கூடுதலாக ஒரு தளம், பக்கத்தில் ஒரு படகுத்தூக்கி என்று அனுமதியில்லாமல் சேர்த்திருந்தால் அகற்றும் பொறுப்பு வாங்கியவருக்கு வரும். துறையில் பன்னிரண்டு அடி ஆழம் என்றால் எந்த நாளில் அளந்தது என்று கேளுங்கள். டியூக் தன் ஏரிகளின் மட்டத்தை 100 என்ற அளவில் சொல்கிறது. 100 என்றால் முழுக் கொள்ளளவு, 96 என்றால் நான்கடி குறைவு. கரையிலிருந்து ஐம்பது அடிக்கு கேடாபா ஆற்றுக்கான மாநிலத்தின் கரைக்காப்பு விதி இருக்கிறது. முதல் முப்பது அடியில் காட்சிக்காக மரம் வெட்ட முடியாது. துறையும் கரைச்சுவரும் அரசு வெள்ளக் காப்பீட்டில் அடங்காது. அந்தக் காப்பீடே கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரைதான், கடனோடு சேர்த்து எடுக்காவிட்டால் முப்பது நாள் காத்திருக்க வேண்டும்.

நான்காவது படுக்கையறை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். வீடு செப்டிக் தொட்டியில் இருந்தால், எத்தனை படுக்கையறைக்கு என்று கவுன்டி சுகாதாரத் துறை கொடுத்த அனுமதியில் எழுதியிருக்கும். மூன்று என்றிருந்தால், கழிவுநீர் இறங்கும் நிலத்தை விரிவாக்க இடம் வேண்டும். ஏரிக்கும் கிணற்றுக்கும் விட வேண்டிய தூரம் போக ஏரிக்கரை மனையில் அந்த இடம் பல நேரம் மிஞ்சாது.

துணிக்கொடிக்கு அபராதம் உண்டா என்றால், பத்திரத்தில் தடை இருந்தால் உண்டு. ஆனால் முன்னறிவிப்பும் விசாரணையும் இல்லாமல் போட முடியாது, அதிகபட்சம் ஒரு மீறலுக்கு நாளுக்கு 100 டாலர். அதைவிடக் கவனிக்க வேண்டியது நிலுவை. முப்பது நாள் கட்டாவிட்டால் பாக்கிக்கு ஈடாக வீட்டின் மேல் கடன் உரிமை (லியன்) பதியலாம், தொண்ணூறு நாள் தாண்டினால் குழு வாக்களித்து ஏலத்துக்கே கொண்டுபோகலாம்.

கடைசியாக, வரிசை. வட கரோலினாவில், வீட்டை ஆராய்ந்து முடிவெடுக்கும் காலத்துக்காகக் கொடுக்கும் டியூ டிலிஜென்ஸ் கட்டணம் நேராக விற்பவர் கைக்குப் போகும். நீங்கள் பின்வாங்கினால் திரும்பாது. எனவே காசில்லாமல் பார்க்கக்கூடிய ஜி.ஐ.எஸ்., பத்திரம், அணை ஆவணங்கள், செப்டிக் அனுமதி ஆகியவற்றை முதலில் முடியுங்கள். விற்பவர் தரும் வெளிப்படுத்தல் படிவத்தை மட்டும் நம்ப வேண்டாம், அதில் 'கருத்து இல்லை' என்று குறியிட அவருக்கு உரிமை உண்டு. கட்டணம் கொடுத்த பிறகு சங்கத்தின் இரண்டு ஆண்டுக் கூட்டக் குறிப்புகள், வங்கி இருப்போடு கூடிய கணக்கு, கட்டணம் பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் எண்ணிக்கை, அணைக்கான பொறுப்புக் காப்பீட்டின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். கூட்டக் குறிப்பில் 'பொறியாளர்' என்ற சொல் வரும் இடங்களை இரண்டு முறை படியுங்கள். குறிப்பு தர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூர்ஸ்வில் அலுவலகத்திலிருந்து ஆய்வறிக்கை வந்ததும் அனுப்புங்கள். முதலாவது வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.