ஒரே நாளுக்கு இரண்டு தேதி

கேள்வி: முதல் நவீன ஒலிம்பிக் போட்டி 1896 ஏப்ரல் 6 அன்று ஏதென்ஸில் தொடங்கியது என்று என் மகளின் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த பழைய நூலோ மார்ச் 25 என்கிறது. அதுவே கிரேக்கர்களின் சுதந்திர தினம் என்றும் சொல்கிறது. எது சரி?
- வாசகி, மந்தைவெளி, சென்னை.

பதில்: இரண்டுமே சரி. உங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் ஏப்ரல் 14 என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதே தாளில் சித்திரை 1 என்றும் அச்சிட்டிருப்பார்கள் அல்லவா, அதைப் போலத்தான் இதுவும். கிரேக்க அரசு 1923 வரை ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் அது நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு 12 நாள் பின்னால் இருந்ததால், அந்த நாட்காட்டியைப் பின்பற்றிய நாடுகளுக்கு ஏப்ரல் 6 ஆக இருந்த நாள் ஏதென்ஸ்வாசிகளுக்கு மார்ச் 25.

ஒலிம்பிக்கின் தொடக்க நாள் விடுதலைப் போர் நினைவு நாளாகவும் அமைந்தது. போதாக்குறைக்கு, அது ஈஸ்டருக்கு மறுநாள். பளிங்கால் புதுப்பிக்கப்பட்ட பழம்பெரும் மைதானத்தில் மன்னர் முதலாம் ஜார்ஜ் போட்டிகளைத் தொடங்கிவைத்தார். அன்றைக்கே அமெரிக்கர் ஜேம்ஸ் கொனொலி மும்முறைத் தாண்டலில் வென்று நவீன ஒலிம்பிக்கின் முதல் வெற்றியாளர் ஆனார்.

அந்த மார்ச் 25க்கும் ஒரு கதை உண்டு. உதுமானியப் பேரரசுக்கு எதிராக 1821 மார்ச் 25 அன்று ஆயர் கெர்மனோஸ், அகியா லாவ்ரா மடத்தில் புரட்சிக் கொடியை உயர்த்தினார் என்பது கிரேக்கக் குழந்தைகள் பள்ளியிலேயே கேட்டு வளரும் செய்தி. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பே, மார்ச் 23 அன்று, கலமாட்டா நகரம் கிளர்ச்சியாளர் வசம் வந்துவிட்டது. கொடியேற்றத்தை மரபுக் கதையாகவே வரலாற்றாசிரியர்கள் பலரும் கருதுகிறார்கள். 1838இல் மன்னர் ஓட்டோவின் அரசு மார்ச் 25ஐத் தேசிய விழாவாக அறிவித்தபோது, இயேசு பிறக்கப்போகும் நற்செய்தியை வானதூதர் மரியாளுக்குச் சொன்னதை நினைவுகூரும், சாந்தோம் பக்கத்தில் மங்கள வார்த்தைத் திருநாள் என்று சொல்லப்படும் திருநாளும் நாட்டு விழாவும் ஒன்றாகிவிட்டன. எனக்கு இது மிகப் பொருத்தமான தேர்வாகவே படுகிறது. நற்செய்தி வந்த நாளை விடுதலை நாளாகக் கொண்டாட மக்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தவக்காலத்தில் மீன் விலக்கு என்றாலும் இந்த நாளில் அனுமதி உண்டு என்பதால், உப்பிட்டு உலர்த்திய காட் மீனைக் கருவாட்டைப் போல நீரில் ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்து, பூண்டு மசியலுடன் இன்றும் சாப்பிடுகிறார்கள். 1924இல் கிரேக்க நாடாளுமன்றம் முடியாட்சியை நீக்கிக் குடியரசை அறிவித்ததும் ஒரு மார்ச் 25 அன்றுதான்.

1923இல் பிப்ரவரி 15க்கு மறுநாளை மார்ச் 1 ஆக்கி அரசு புதிய நாட்காட்டிக்கு மாறியது. ஆகவே, ஜெர்மனி கிரேக்கத்தின் மீது படையெடுத்த 1941 ஏப்ரல் 6ஐ உங்கள் மகள் 12 நாள் பின்னால் தள்ளிக் கணக்கிடக் கூடாது. தேர்வில் ஒலிம்பிக் தொடக்கத்துக்கு ஏப்ரல் 6 என்றே எழுதட்டும்.