பக்கவாதத்துக்குப் பிறகு தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, யாரிடம் காட்டுவது?

பக்கவாதம் வந்து வீடு திரும்பிய அப்பாவுக்கு இட்லி இறங்குகிறது, தண்ணீர் குடித்தால்தான் இருமல் வருகிறது, டாக்டரிடம் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

தண்ணீர் வேகமாக இறங்கும். தொண்டைத் தசை பலவீனமாக இருந்தால் மூச்சுக்குழாய் மூடுவதற்குள் அது நுரையீரல் பக்கம் போய்விடும். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு நிமோனியா என்ற நுரையீரல் தொற்று வருவது இப்படித்தான். சிலருக்கு இருமலே வராமலும் உள்ளே போகும், அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. குடித்ததும் அவரைப் பேசச் சொல்லுங்கள்: குரல் கரகரவென்று, ஈரமாகக் கேட்கிறதா? செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்குகிறதா? இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பக்கவாதத்துக்குச் சிகிச்சை தந்த நரம்பியல் மருத்துவரிடமே முதலில் காட்டி, பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். விழுங்கும் பயிற்சியும் அவர்கள் வேலைதான், பலருக்கு இது தெரிவதில்லை. தேவைப்பட்டால் மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டோ, எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருளைக் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரேயிலோ பார்ப்பார்கள்.

அதுவரை படுக்கவைத்து எதையும் ஊட்டாதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள், அப்புறம் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.