பழைய ஜப்பானிய வாளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வி பதில்

கே: தாத்தா பர்மா போர்முனையிலிருந்து கொண்டு வந்த வாள். பட்டாள உறையில் இருக்கிறது. எத்தனை வருடப் பழசு?

ப: உறையை வைத்து வயது சொல்லவே கூடாது. ஜப்பானிய அதிகாரிகள் பலர் வீட்டிலிருந்த பரம்பரை வாளையே பட்டாளக் கைப்பிடியில் பொருத்திக்கொண்டு போருக்குப் போனார்கள், அதனால் உள்ளே 400 வருட அலகும் இருக்கலாம், 1942இல் அடித்ததும் இருக்கலாம். கைப்பிடியில் மெகுகி என்ற சின்ன மூங்கில் ஆணி இருக்கும், அதை மெதுவாகத் தட்டி எடுத்துவிட்டுப் பிடியைக் கழற்றுங்கள். உள்ளே மறைந்திருக்கும் இரும்புப் பகுதிக்கு நகாகோ என்று பெயர், வாளின் ஜாதகமே அதில்தான். துரு கருமையாக, வழவழப்பாக இருந்தால் பழசு. செந்நிறமாக உதிர்ந்தால் அண்மையது. அதில் வெட்டியிருக்கும் கொல்லர் பெயருக்குப் பக்கத்தில் சின்ன முத்திரை குத்தியிருந்தால் பெரும்பாலும் போர்க்காலச் சரக்கு. அந்தத் துருவை மட்டும் தொடாதீர்கள்.

கே: அலகிலேயே எண் பொறித்திருக்கிறது.

ப: அது ‘1935 மாதிரி’ என்ற பட்டாள வாள், கீழ்நிலைப் படைத்தலைவர்களுக்கு ஆலையில் செய்தது.

கே: ‘மசமுனே’ என்று பெயர் இருக்கிறதாம். கோடிக்கணக்கில் போகுமா?

ப: போகாது. மசமுனே 1300 வாக்கில் ஜப்பானின் காமகுராவில் இருந்த புகழ்பெற்ற வாள் கொல்லர், அவர் பெயர் பொறித்தவை என்று ஏற்கப்பட்டவை ஒரு சில குத்துவாள்களே. பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

கே: வாள் வியாபாரம் செய்யும் நண்பர் பெயர்தான் சான்று என்கிறார், நீங்கள் பெயரையே நம்ப வேண்டாம் என்கிறீர்களே?

ப: நண்பரிடம் இதைக் கேளுங்கள்: உளியால் நாலு எழுத்து வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்? போலிப் பெயருக்கு ‘கிமெய்’ என்று ஜப்பானில் தனிச்சொல்லே இருக்கிறது, அவ்வளவு பழைய தொழில் அது. அலகின் வளைவு, இரும்பின் இழை, விளிம்பில் ஓடும் ஹமோன் கோலம் எல்லாம் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். உண்மைப் பெயரே குழப்பும். ஜப்பானின் பழைய பிசென் மாகாணத்து ஒசஃபுனே ஊரில் சுகெசதா என்ற பெயரில் எத்தனையோ கொல்லர்கள், 16ஆம் நூற்றாண்டுச் சண்டைகளுக்குக் கட்டுக்கட்டாக அடித்துக் கொடுத்தார்கள், ஆனால் தனியாகச் சொல்லிச் செய்த வாளில் கொல்லரின் முழுப்பெயரும் இருக்கும். இன்னொன்று, நீள வாளைப் பின்னாளில் அடிப்பக்கம் வெட்டிக் குட்டையாக்கும்போது பெயரும் போய்விடும். இப்படிப் பெயரில்லாமல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்ட வாள்களும் உண்டு. பெயரைக் கடைசியாகப் படியுங்கள்.

கே: எழுத்து தெரியவில்லை, உப்புத்தாள் போடலாமா?

ப: வேண்டாம். பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படம் எடுங்கள், எழுத்து எழும்பி வரும்.

கே: புளி போட்டுத் தேய்த்தால்?

ப: புளி, எலுமிச்சை, சாம்பல், எதுவும் வேண்டாம். மேலே இரண்டு தடவை சொல்லிவிட்டேன். துரு போனால் வயதுக்கான சாட்சி போயிற்று.