சாரம் கட்டும் புரதம்: கோத்தகிரியில் கேட்ட கேள்விகள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டம் கூடியபோது, உடம்பில் பழுதான இடத்தைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் புரதப் பொருள்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தோம். தோல், எலும்பு, தசைநாருக்கு வலுக் கொடுக்கும் புரதமான கொலாஜனை ஆராயும் கூடத்தில் 22 வருஷம் வேலை பார்த்தவள் நான் என்பதால், பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி (அரவேணு): அக்கா, கணப்புச் சட்டி கவிழ்ந்து மகளுக்குக் கை வெந்துவிட்டது. டாக்டர் ஏதோ தாள் மாதிரி ஒட்டிவிட்டு, தினமும் கட்டு மாற்ற வேண்டாம் என்கிறார். நம்பலாமா?

நம்பலாம் தங்கச்சி. அது கொலாஜன் தாள். பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தது. உறையைப் பிரித்தால் ஸ்பிரிட் வாடை அடிக்கும், அதில் ஊறிக் கிடப்பதால். சலைனில் நன்றாக அலசி, காற்றுக் குமிழி தங்காமல் விரலால் நீவி ஒட்டுவார்கள். காய்ந்ததும் அப்பளம் போல விறைத்துப் புண்ணோடு பிடித்துக்கொள்ளும். அடியில் புதுத்தோல் வளர வளர ஓரத்திலிருந்து தானாக உரியும். பிய்த்து இழுக்காதீர்கள். தாளுக்கு அடியில் நீர் கட்டினாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள். தோலின் முழு ஆழமும் வெந்திருந்தால் இந்தத் தாள் மட்டும் போதாது, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி (ஊட்டி): ஆட்டுக்கால் சூப்பிலும் கொலாஜன்தானே இருக்கிறது? அதைக் குடித்தால் மூட்டு சரியாகாதா?

ராத்திரி மிஞ்சிய ஆட்டுக்கால் சூப் ஊட்டிக் குளிரில் காலையில் கட்டியாகி, கரண்டியில் எடுத்தால் ஆடும், பார்த்திருப்பீர்கள். அது ஜெலட்டின். கொலாஜன் என்பது மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய கயிறு. கொதிக்கக் கொதிக்க முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும். உங்கள் ஊர் பிலிம் தொழிற்சாலையில் படச்சுருள் மேல் பூசியதும் ஜெலட்டின்தான். குடித்த சூப் வயிற்றில் செரித்துத் துண்டு துண்டாகிவிடும், நேராக மூட்டுக்குப் போய் ஒட்டாது. நல்ல சாப்பாடு, குடியுங்கள். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிடுங்கள். உடம்பு தன் கொலாஜனை உறுதியாக முறுக்குவதற்கு வைட்டமின் சி வேண்டும்.

உள்ளே வைக்கும் பொருளில் இந்த முறுக்கு அவிழாமல் காப்பதே பாதி வேலை. அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் கொலாஜனைக் குளிரிலேயே வைத்துப் பிரிப்போம். மூன்று சங்கிலி அமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காரு வால் தசைநாரை வைத்துக் கண்டுபிடித்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி (கட்டபெட்டு, தேயிலை பேக்டரி): உள்ளே வைத்தது எத்தனை நாள் இருக்கும் மேடம்? கரைந்துவிடும் என்றால் எதற்கு வைக்க வேண்டும்?

கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோம் இல்லையா, அது மாதிரிதான். செல்கள் அதில் ஏறி உட்கார்ந்து, தங்கள் சொந்தக் கொலாஜனை இழை இழையாகப் பின்னும். பழையதை நொதிகள் அரித்து எடுத்துவிடும். சாரத்தை முந்தி அவிழ்த்தால் சுவர் சரியும். அவிழ்க்கவே முடியாமல் போனால், உடம்பு அதைச் சுற்றி வடுவால் ஒரு சுவர் எழுப்பி ஒதுக்கிவிடும். ஆகவே சங்கிலிகளுக்கு நடுவே எத்தனை முடிச்சு போடுவது என்பதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது.

நீங்கள் தினமும் தேயிலை ருசி பார்க்கிறீர்களே, அந்தத் துவர்ப்பு என்ன? தேயிலையின் பாலிபீனால்கள் எச்சில் புரதத்தைப் பிடித்து இறுக்குவதால்தான் நாக்கு வறண்டாற்போல் ஆகிறது. சீகை (வாட்டில்) மரப்பட்டையால் தோல் பதனிடுவதும் இதே வித்தைதான். ஆபரேஷனில் தைக்கும் குடல் நூலும் கொலாஜன்தான், ஆடு மாட்டுக் குடலிலிருந்து வருவது. சாதா நூல் ஒரு வாரம், பத்து நாளில் வலுவிழக்கும். குரோமியம் உப்பில் பதப்படுத்தினால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். பன்றியின் இதய வால்வை மனித இதயத்தில் வைக்கும்போது அது கரையவே கூடாது. குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் இறுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் 10 முதல் 15 வருஷம் ஓடும். அப்புறம் சுண்ணாம்புச் சத்து படிந்து விறைக்கும், இளவயதுக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரமாக. எவ்வளவு வலு என்று மட்டும் சொல்லி விற்பவர்களிடம், எப்போது கரையும் என்றும் கேளுங்கள்.

கேள்வி (கூடலூர்): மாடு, பன்றி என்றால் எங்கள் வீட்டில் ஒப்ப மாட்டார்கள். சொல்லாமலே வைத்துவிடுவார்களா?

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது என்று நீங்களே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கி 2023-இல் அனுமதி பெற்ற புண் மருந்துப் பட்டை பன்றியின் பித்தப்பையிலிருந்து செய்தது. எல்லா இடத்துக்கும் மாற்று கிடைக்காது, ஆனால் பல இடத்தில் உண்டு. மீன் தோல், பிரசவத்தில் தானமாகக் கிடைக்கும் பனிக்குடச் சவ்வு, நம் ரத்தத்திலிருந்தே எடுக்கும் பைப்ரின், அதாவது ரத்தம் உறையும்போது வலை பின்னும் புரதம். பல் டாக்டர்கள் ரத்தத்தைச் சுழற்றி அந்தப் பைப்ரினை எடுத்து, பல் பிடுங்கிய குழியில் வைக்கிறார்கள்.

கேள்வி (கோத்தகிரி): அம்மாவுக்குச் சர்க்கரைப் புண். கொலாஜன் பொடி வாங்கித் தூவலாமா?

முதலில் பாதத்தில் நாடி பார்த்தார்களா? ரத்தம் ஓடாத காலில் சாரம் கட்டினால் ஏறுவதற்குச் செல் இருக்காது. என் அப்பாவின் காலில் ஒரு மருத்துவமனையில் மாதக்கணக்கில் பொடி தூவினார்கள். ஒரு நாள்கூட நாடி பார்க்கவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இத்தனை படித்த நானும் அன்றைக்குக் கேட்காமல் இருந்துவிட்டேன். ரத்த ஓட்டம், கிருமி, சர்க்கரை, புண்ணின் மேல் பாரம் விழாத செருப்பு, இந்த நாலும் சரியானால் கொலாஜன் உதவும். நாளைக்கே அம்மாவைக் கூட்டிப் போங்கள்.

கேள்வி (குன்னூர், பிளஸ் டூ மாணவன்): பட்டும் புரதம்தானே மிஸ், அதுவும் கரையுமா?

கரையாத தையல் நூல் என்றுதான் பட்டை வகைப்படுத்துகிறார்கள். ஆனால் உள்ளே இருக்கும் நூல் ஒரு வருஷத்தில் பெரும்பாலான வலுவை இழந்துவிடும். பட்டிழையில் நடுவில் பைப்ராயின், மேலே செரிசின் என்ற பசை. உடம்புக்குள் வைப்பதற்கு முன் அந்தப் பசையை நீக்கிவிட வேண்டும். ஒரு பட்டுக்கூடு வாங்கி, வெட்டி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, எடை போட்டுக் குறித்துக்கொள். வீட்டில் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிடு. விறைப்பாக இருந்த கூடு பஞ்சு போல விரியும். நன்றாக அலசிக் காயவைத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வா, தராசு நான் கொண்டு வருகிறேன். ஏறக்குறைய கால் பங்கு எடை குறைந்திருக்கும்.