பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தினமும் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: 1960-களின் பிற்பகுதியிலோ 1970-களிலோ தயாரான, இருவர் மட்டும் அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அதிலேயே தினமும் வேலைக்குச் சென்றுவர விரும்புகிறேன். ஒரு வழிப் பயணம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அதில் பாதி நெரிசல் மிகுந்த சாலை. வீட்டில் ஒரு வண்டி நிறுத்த மட்டுமே இடம் இருப்பதால் இப்போதுள்ள காரை விற்றுவிட எண்ணுகிறேன். இது நடைமுறைக்கு ஒத்துவருமா?

பதில்: பழைய கார் வாங்குவது ஒத்துவரும், இப்போதுள்ள காரை விற்பதுதான் ஒத்துவராது.

நீங்கள் குறிப்பிடும் காலத்துக் கார்கள் கண்காட்சிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எடுத்துக்காட்டாக, 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்ஜிபி என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்பனையாயின. அவற்றை வாங்கியவர்கள் மழையிலும் வெயிலிலும் ஓட்டினார்கள். ஆனால் அன்று, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிச் சீர்செய்யத் தெரிந்த மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருந்தார், உதிரி பாகமும் அன்றைக்கே கடையில் கிடைத்தது. கார் அப்படியேதான் இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடித்த ஏற்பாடுதான் கலைந்துவிட்டது. ஆகவே இந்தக் கார்களில் பழுதை விடப் பழுதுக்குப் பிந்தைய காத்திருப்பே பெருந்தொல்லை. ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடக்கூடிய ஒரு சிறு தண்ணீர் பம்ப், வெளிநாட்டிலிருந்து வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம்.

எனவே வாங்குவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: முன்னறிவிப்பு ஏதுமின்றி மூன்று வாரம் கார் பட்டறையில் நின்றால் எப்படி வேலைக்குப் போவீர்கள்? ரயிலோ பேருந்தோ உடன் பணிபுரிபவரின் வண்டியோ விடையாகக் கிடைக்குமானால் துணியலாம். விடை இல்லையென்றால், இன்னோர் இடத்தை வாடகைக்கு எடுத்தாவது இப்போதைய காரை வைத்துக்கொள்வதே நல்லது.

உங்கள் 20 கிலோமீட்டர் தூரம் உண்மையில் சாதகமானது. எஞ்சின் ஆயில் முழுச் சூட்டை அடைவதற்குள் முடிந்துவிடும் மூன்று, நான்கு கிலோமீட்டர் பயணங்கள்தான் பழைய எஞ்சினை அரிக்கின்றன; உள்ளே ஈரம் படிந்து ஆயிலைக் கெடுக்கிறது, சைலன்சர் உட்புறத்திலிருந்து துருப்பிடிக்கிறது. நீண்ட நாள் ஓடாமல் நிற்பதும் நல்லதன்று: சீல்கள் காய்ந்து கசியும், பிரேக் சிலிண்டர்கள் இறுகும், பெட்ரோல் கெட்டுப்போகும். முறையாக ஓடும் பழைய கார், போர்த்தி வைக்கப்பட்ட பழைய காரை விட நம்பகமானது என்பதை இத்துறையில் உள்ள பலரும் ஒப்புக்கொள்வார்கள்.

நெரிசல்தான் கவலைக்குரியது. அக்காலக் கார்கள் பலவற்றில் ரேடியேட்டர் விசிறி எஞ்சினோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டது. வண்டி நிற்கும்போது எஞ்சினும் மெதுவாகச் சுற்றுவதால், காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் விசிறி மிகக் குறைவாகக் காற்றிழுக்கும். சூடேறிய எஞ்சின் அறையில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, வண்டி இருமி நின்றுவிடுவதும் உண்டு. பேட்டரிக்கு மின்னேற்றப் பழைய வகை டைனமோ பொருத்தப்பட்ட கார்களில் இன்னொரு சிக்கல்: மெதுவான சுழற்சியில் அது மின்சாரமே தராது. தொடக்ககால எம்ஜிபி-யின் டைனமோ முழு வேகத்திலேயே 22 ஆம்பியர்தான் தரும். முகப்பு விளக்கு, வைப்பர், ஹீட்டர் விசிறி மூன்றையும் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்தால் பேட்டரிதான் வடியும்.

பராமரிப்புக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர். இக்காலக் காருக்கு இது ஒரே ஒரு சர்வீஸ். எம்ஜிபி போன்ற காருக்கோ 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு கிரீஸ் அடிக்க வேண்டும், தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் இக்னிஷன் பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். வால்வுகளை இயக்கும் டேப்பெட்டுகளின் இடைவெளி, இரட்டைக் கார்புரேட்டர்களின் ஒத்திசைவு ஆகியவற்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஆயில் மட்டத்தையும் தண்ணீர் மட்டத்தையும் வாராவாரம் பார்ப்பது பழக்கமாகிவிட வேண்டும். இந்த வேலைகளில் பாதியையாவது நீங்களே செய்யக் கற்றுக்கொண்டால் செலவு தாங்கும். ஒவ்வொன்றுக்கும் பட்டறையை நாட வேண்டியிருந்தால், கார் வாங்கிய விலையை மறந்துவிட்டு, ஓட்டும் செலவை வைத்து மட்டுமே முடிவெடுங்கள்.

கேள்வி: இரண்டு கார்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் எஞ்சின் புதிதாகப் பிரித்துக் கட்டப்பட்டது, ஆனால் உடலில் ஆங்காங்கே துரு. மற்றதில் உடல் நன்றாக உள்ளது, எஞ்சின் புகைகிறது. எதை வாங்கலாம்?

பதில்: தயங்காமல் இரண்டாவதை. எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதற்கு ஒரு தொகையும் ஒரு கால அளவும் உண்டு. துருவுக்கு இரண்டும் கிடையாது. தகட்டை வெட்டிப் பார்க்கும் வரை அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அனுபவமுள்ள டிங்கரிங்காரராலும் சொல்ல முடியாது.

தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், இல்லாத கார்களில், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற ஓரப்பகுதிதான் முழு உடலையும் தாங்குகிறது. மேற்கூரை திறக்கும் கார்களில் அதன் சுமை இன்னும் அதிகம். அங்கே துருவிருந்தால் அது அழகுப் பிரச்சினையல்ல, காரின் முதுகெலும்பு முறிந்திருக்கிறது என்று பொருள். காரை ஜாக்கியில் தூக்கச் சொல்லி, தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடிபட்டாலோ இடைவெளி மாறினாலோ பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை ஓரப்பகுதிகளிலும் சக்கர வளைவுகளிலும் வைத்துப் பாருங்கள். பட்டி பூசிப் பெயிண்ட் அடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது. பளபளக்கும் புதுப் பெயிண்ட் எனக்கு எப்போதும் ஐயத்தையே தருகிறது; வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்களை விற்பவரால் காட்ட முடியவில்லை என்றால் அந்தப் பெயிண்டுக்கு விலை தராதீர்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, நீங்கள் போய்ச் சேரும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் வரும் புகையும் தடதடப்பும் மறைந்துவிடும். அரை மணி நேரமாவது, அதில் ஒரு பகுதி நெரிசலிலும் ஓட்டி, பிறகு அணைத்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் கிளப்புங்கள். அன்றாடப் பயன்பாட்டில் உங்களை நடுச்சாலையில் நிறுத்தப்போவது பெரும்பாலும் இந்தச் சூடான நிலையில் கிளம்ப மறுக்கும் குணம்தான்.

டயர்களையும் மறக்க வேண்டாம். குறைவாக ஓடிய காரில் பட்டன் ஆழமாகவே இருக்கும், ரப்பரோ கெட்டியாகிப் போயிருக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களில் தயாரான வாரமும் ஆண்டும் பொறிக்கப்படுகின்றன. 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பத்தாண்டைக் கடந்த டயரை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். அந்தச் செலவை விலையிலும் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: தினமும் ஓட்டுவதற்காக மாற்றங்கள் செய்தால் காரின் மதிப்பு குறைந்துவிடாதா?

பதில்: திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற மாற்றம் மதிப்பைப் பெரிதாகக் குறைப்பதில்லை. உடலில் துளையிடாமல், வெட்டாமல் செய்யுங்கள். கழற்றிய மூலப் பாகங்களைப் பெட்டியில் கட்டி வையுங்கள். விற்கும் நாளில் அந்தப் பெட்டிக்கும் விலையுண்டு.

முதலில் செய்ய வேண்டியது பாயிண்டுகளுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன். அது, சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பகிரும் டிஸ்டிரிபியூட்டரின் மூடிக்குள்ளேயே மறைந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. அடுத்து, வெப்பநிலையை உணர்ந்து தானே இயங்கும் மின்விசிறி. அது கூடுதல் மின்சாரம் கேட்கும் என்பதால் டைனமோ உள்ள கார்களில் முதலில் அதற்குப் பதிலாக, மெதுவான சுழற்சியிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பொருத்த வேண்டும். 1960-களின் ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்ததால், இணைப்பை மாற்றிய பிறகே ஆல்டர்னேட்டரைப் பொருத்த முடியும். இதைத் தெரியாமல் பொருத்தி, முதல் நிமிடத்திலேயே எரித்துவிட்டவர்கள் நிறைய.

பெட்ரோல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரின் டயாபிரம் சவ்வுகளையும் இளக்கிக் கசியவிடும், ஈரத்தையும் ஈர்க்கும். சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே பெட்ரோல் கசிந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களை முழுவதுமாக மாற்றுவது, தொகையில் மிகச் சிறியதும் பலனில் மிகப் பெரியதுமான செலவு; கைக்கெட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பானும் இருக்கட்டும். ஈயம் கலந்த பெட்ரோலோ, கடைசியாக அல்ஜீரியாவும் 2021-இல் நிறுத்திய பிறகு, உலகில் எங்கும் சாலை வாகனங்களுக்கு விற்கப்படுவதில்லை. அந்த ஈயம்தான் பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் இடத்தைத் தேய்மானத்திலிருந்து காத்தது. எக்ஸாஸ்ட் வால்வுகளின் டேப்பெட் இடைவெளி ஒவ்வொரு சர்வீஸிலும் குறைந்துகொண்டே வந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று அறிந்து, சிலிண்டர் ஹெட்டில் கடினப்படுத்திய வால்வு சீட்டுகளைப் பதிக்கச் சொல்லுங்கள். அதுவரை காத்திருப்பதில் தவறில்லை. நகர வேகத்தில் இத்தேய்மானம் மெதுவாகத்தான் நடக்கும்.

அதிக குதிரைத்திறன் தேடும் மாற்றங்களை மட்டும் விட்டுவிடுங்கள். எஞ்சினின் வலிமையைக் கூட்டினால் பிரேக், கிளட்ச், கியர்பெட்டி எல்லாம் வரிசையாகக் கைநீட்டும்.

கேள்வி: பாதுகாப்பு விஷயத்தில் இக்கார்கள் எவ்வளவு பின்தங்கியவை?

பதில்: மிகவும் பின்தங்கியவை, நல்ல பராமரிப்பும் கவனமான ஓட்டுதலும் இந்த இடைவெளியை ஓரளவுக்கு மேல் நிரப்புவதில்லை. காற்றுப்பை கிடையாது, மோதலை வாங்கிக்கொண்டு மடங்கும் பகுதிகள் பெரும்பாலும் கிடையாது, பிரேக் அழுத்தும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. போஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்ததே 1978-இல்தான்.

ஆனாலும் ஆண்டைப் பார்த்து வாங்கினால் வித்தியாசம் உண்டு. 1968 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களுக்கு இரட்டைச் சுற்றுப் பிரேக்கும், மோதலில் மார்பைக் குத்தாமல் உள்மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய ஒற்றைச் சுற்றுப் பிரேக்கில் ஒரே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். தினமும் ஓட்டுவதற்கு என்றால் இரட்டைச் சுற்றுக்குக் கீழே இறங்காதீர்கள். மூன்றுபுள்ளி சீட் பெல்ட்டை வால்வோ 1959-லேயே கொண்டுவந்துவிட்டபோதிலும் பல ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அது தாமதமாகவே வந்தது. பெல்ட் மாட்டும் முனைகள் துருப்பிடிக்காத தகட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இடுப்பளவே உயரமுள்ள காரை லாரி ஓட்டுநர் கண்ணாடியில் காணமாட்டார் என்ற எண்ணத்தோடுதான் பக்கத்தில் செல்ல வேண்டும். குழந்தைகளைத் தினமும் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வேலையை இந்தக் காருக்குக் கொடுக்க நான் ஒப்பமாட்டேன்.

கேள்வி: பழைய காருக்கான தனிக் காப்பீடு மலிவாகக் கிடைக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அது மலிவாக இருப்பதற்குக் காரணமே, கார் பெரும்பாலும் ஓடாது என்ற அனுமானம். இத்தகைய பாலிசிகள் பலவற்றில் ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பு இருக்கும். சிலவற்றில் வேலைக்குச் சென்றுவருவது வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கும். அதை மறைத்து பாலிசி எடுத்தால், விபத்து நடந்த பிறகுதான் அந்தச் சிக்கனத்தின் விலை தெரியும். பதிவு விஷயமும் இப்படியே. பன்னாட்டுப் பழங்கால வாகனக் கூட்டமைப்பான ஃபீவா, குறைந்தது 30 ஆண்டு பழமையானதும் அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததுமான வாகனத்தையே வரலாற்று வாகனம் என்று வரையறுக்கிறது. பல நாடுகளின் சலுகைகளும் இந்த மனப்பான்மையோடுதான் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே வரிச்சலுகையோ புகைக் கட்டுப்பாட்டு விலக்கோ தரும் சிறப்புப் பதிவை நாடும் முன், அது தினசரி ஓட்டத்தை அனுமதிக்கிறதா என்று எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். சாதாரணப் பாலிசி எடுப்பதானால், காரின் மதிப்பை முன்கூட்டியே இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையெனில் ஐம்பதாண்டுக் காரின் மதிப்பைத் தேய்மானக் கணக்கில் போட்டு மிகச் சிறு தொகையே தருவார்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லையும் இல்லாமல் அதே மகிழ்ச்சி தரும் கார் ஏதேனும் உண்டா?

பதில்: முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் அறிமுகமான இது, அறுபதுகளின் ஆங்கிலேய ரோட்ஸ்டர்களை, அதாவது கூரை திறக்கும் இருவர் கார்களை, மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. பெட்ரோல் இன்ஜெக்ஷன், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், குளிர்காலையிலும் சாவியைத் திருப்பியதும் கிளம்பும் எஞ்சின் எல்லாம் அதில் உண்டு. தொடக்ககாலக் கார்கள் 30 ஆண்டைக் கடந்துவிட்டன. எனவே பழைய கார் என்ற பெருமைக்கும் குறைவில்லை. பழங்காலக் காரின் பெட்ரோல் மணமும் குரோம் பளபளப்பும் இல்லாமல் மனம் நிறையாது என்பவர்களுக்கு இது பொருந்தாது. தினமும் ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன். இதிலும் துரு உண்டு. மடக்குக் கூரையின் இரு ஓரங்களிலும் மழைநீர் வடியும் குழாய்கள் உள்ளன. அவை தூசியால் அடைபட்டால் நீர் ஓரப்பகுதிக்குள் தேங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னுள்ள தகட்டைத் தின்றுவிடும். பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீரை உரிமையாளரின் அனுமதியோடு அந்தக் குழாயில் ஊற்றுங்கள். பின்சக்கரத்தின் முன்னால் தரையில் தாராளமாக ஒழுகினால் மேற்கொண்டு விலை பேசலாம்.