கோட்டையும் குழியும்

அன்புள்ள ஐயா,

நான் ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மா முதல்முறையாக வந்திருக்கிறார். அடுத்த மாதம் பிரான்சில் லுவார் நதிப் பள்ளத்தாக்குக்குக் காரில் போகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், அம்மா. மூன்று நாளில் ஒன்பது கோட்டைகள் என்று திட்டம்: ஷம்போர், ஷெனோன்சோ, அம்புவாஸ், ப்ளுவா, ஷெவெர்னி, விலாந்திரி, அசே-லெ-ரிதோ, லோஷ், ஷினோன். இதில் எதை விடலாம்? வழியில் வரும் பழைய ஊர்களில் இறங்க வேண்டுமா? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. காரிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்று. இவையெல்லாம் மக்களின் ரத்தத்திலும் வியர்வையிலும் எழுந்த ஆடம்பரம்தானே? அதை ரசிக்கப் போவதை நினைத்தால் குற்றவுணர்வாக இருக்கிறது. நீங்கள் அங்கே போயிருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அம்மா. முழங்கால் வலியோடு கடல் தாண்டி வந்திருப்பவரை ஒன்பது கார் நிறுத்துமிடங்களுக்கு அழைத்துப் போகத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். கண்ணாடி வழியாக அவர் பார்க்கப்போவது சுற்றுலாப் பேருந்துகளின் முதுகைத்தான். அவர் அப்படிச் சொன்னார் என்பதற்காக நீங்களும் சரி என்று விட்டுவிடுவதா? உங்கள் பயணம் கெடக்கூடாது என்று அவர் சொல்கிறார். அது உங்களுக்கும் தெரியும்.

ஒன்பதில் ஆறு வேண்டாம். எந்த ஆறு என்று மகளிடம் படங்களைக் காட்டிக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

பழைய ஊர்கள் ஒரே மாதிரி என்று யார் சொன்னார்களோ, அவர்கள் இறங்கிப் பார்க்காதவர்கள். ஷினோனையும் லோஷையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷினோன் வியேன் நதிக்கரையில் நீளமாகக் கிடக்கும் ஊர். மரச்சட்டம் போட்ட வீடுகள் தெருவின் மேல் குனிந்து நிற்கும், மேலே பாறையில் கோட்டை. 1429ல் ஜான் ஆஃப் ஆர்க் இளவரசனைத் தேடி வந்தது அங்கேதான். லோஷில் ஃபூல்க் நேரா என்ற ஆன்ழு பிரபு எழுப்பிய கோபுரம் ஆயிரம் வருடமாக நிற்கிறது, சுமார் 36 மீட்டர் உயரம். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் தளங்கள் எதுவும் இல்லை, நாலு சுவரும் வானமும்தான். இது கோட்டை. ஷெனோன்சோ மாளிகை. பிரெஞ்சில் இரண்டுக்கும் ஷாத்தோ என்று ஒரே சொல்தான். நாமும் அப்படியே எல்லாவற்றையும் கோட்டை என்று எழுதிவிடுகிறோம். தமிழில் இரண்டு சொல் இருக்கும்போது இரண்டையும் பயன்படுத்துங்கள்.

சரி, உங்கள் குற்றவுணர்வு. உண்மையில் அதற்காகத்தான் இந்தப் பதில். உங்கள் கடிதம் வந்த வாரம் புத்தக அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் உள்ளங்கை அளவு கல் ஒன்று இருக்கிறது, தயிர் நிறத்தில். எடுத்தால் விரலில் மாவு ஒட்டும். வைத்த இடத்திலும் ஒரு வெள்ளைத் தடம். பத்து வருடங்களுக்கு முன் லுவார் கரையிலிருந்து கொண்டுவந்தது. துஃபோ என்பார்கள். நீங்கள் போகப்போகும் மாளிகைகளின் முகத்தில் தெரிவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கல்தான்.

சுமார் ஒன்பது கோடி வருடங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்ததுதான் இந்தச் சுண்ணக்கல். ரம்பத்தால் அறுக்கலாம். கருங்கல்லில் பழகிய நமக்கு முதலில் நம்பவே வராது. ஷம்போரின் கூரையில் புகைபோக்கிகளும் சின்னக் கோபுரங்களுமாக ஒரு ஊரே நிற்கிறதே, அதில் ஒவ்வொரு அங்குலமும் செதுக்கல். அத்தனை நுணுக்கத்துக்குக் கல் இடம் கொடுத்தது. ஆனால் அதே கல் தண்ணீரையும் குடிக்கும். அதனால் நாந்த் நகரத்தின் பழைய வீடுகளில் அடித்தளத்துக்குக் கருங்கல் வைத்து, மேல்மாடிகளுக்குத்தான் துஃபோ வைத்திருக்கிறார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கல் எங்கிருந்து வந்தது?

'மக்களின் ரத்தம், வியர்வை' என்று எழுதிவிட்டீர்கள். யார் அந்த மக்கள்? என்ன வேலை செய்தார்கள், எங்கே தூங்கினார்கள்? அந்த ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே நீங்கள் ராஜாவின் படுக்கையறைக்கு டிக்கெட் எடுக்கப் போகிறீர்கள். ஒன்பது இடங்கள் கொண்ட பட்டியலில் அந்த மக்களுக்கு ஓர் இடம்கூட இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். குற்றவுணர்வுக்குச் செலவு எதுவும் இல்லை, கே. அவர்களைப் போய்ப் பார்க்க அரை நாள் ஆகும்.

அவர்களைப் பார்க்க முடியும். லுவார் கரையில் இருக்கும் சொமூர் என்ற ஊரிலிருந்து கிழக்கே நதியை ஒட்டி ஒரு சாலை போகிறது. ஒரு பக்கம் லுவார், இன்னொரு பக்கம் வெள்ளைப் பாறைச் சரிவு. அதில் கதவுகள் இருக்கும், ஜன்னல்கள் இருக்கும், ஜன்னலில் பூத்தொட்டி இருக்கும். பின்னால் வீடு என்று தனியாக எதுவும் கிடையாது, பாறைதான். பாறைக்கு மேலே ஏறிப் போனால் திராட்சைத் தோட்டம், அதற்கு நடுவே தரையிலிருந்து புகைபோக்கிகள் முளைத்து நிற்கும். கீழே யாரோ சமைக்கிறார்கள். மோன்சோரோ என்ற ஊர் வரை வழியெல்லாம் இப்படித்தான்.

கல் வெட்டிய இடங்கள் அவை. பாறையைக் குடைந்து உள்ளே போய், குந்தாலியால் கல்லைச் சுற்றிக் காடி வெட்டி, ஆப்பு அடித்துப் பெயர்த்து எடுத்தார்கள். மேலே பாறை இடிந்து விழாமல் இருக்க அங்கங்கே தூண் விட்டார்கள். கல் படகில் ஏறிப் போயிற்று. குழி அங்கேயே நின்றது. அந்தக் குழிக்கு ஒரு முன்சுவர் எழுப்பிக் கதவு வைத்தால் வீடு ஆயிற்று. பல தலைமுறைகள் அப்படிக் குடியிருந்திருக்கின்றன. வருடம் முழுக்க உள்ளே 12 டிகிரி அளவில் குளிர். ஆள் போனபின் சிலவற்றில் திராட்சை மது வைத்தார்கள், சிலவற்றில் காளான் வளர்த்தார்கள். துர்கான் என்ற கிராமத்தில் ஆப்பிளைத் தோல் சீவி, அடுப்பில் பல நாள் உலர்த்தி, தட்டித் தட்டிச் சப்பையாக்கி வைப்பார்கள். கப்பலில் போகிறவர்களுக்குக் கெடாத உணவு. அதுவும் இந்தக் குகைகளில்தான் நடந்தது.

படகுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் போக நீரோட்டம் போதும். எதிர்த்து ஏற மேற்கிலிருந்து அடிக்கும் கடற்காற்று. பெரிய சதுரப் பாய் கட்டி, ஒன்றின் பின் ஒன்றாகப் படகுகளைப் பிணைத்துப் போவார்கள். ஷம்போருக்கு வேண்டிய கல் சேன்-தியே என்ற துறையில் இறங்கி வண்டியில் போனது. 1519ல் பிரெஞ்சு ராஜா முதலாம் ஃபிரான்சுவா தொடங்கிய வேலை. 400 அறைகளுக்கு மேல். அவர் அங்கே தங்கியது ஆயுளில் மொத்தமாகக் கூட்டினால் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதல். குழிகளில் எப்போதும் ஆள் இருந்தார்கள்.

எங்கோ ஓர் இடத்தில் அதே அளவுக்குக் குழி விழாமல் எந்த மாளிகையும் எழவில்லை. சந்தேகம் இருந்தால் சொமூருக்குத் தெற்கே ப்ரெஸே என்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மாளிகையும் அதன் குழியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சுற்றிலும் சுமார் 18 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் இல்லாத அகழி, அங்கே வெட்டிய கல் மேலே சுவராக நிற்கிறது. அகழியின் பக்கவாட்டில் ரொட்டி அடுப்பு, திராட்சை பிழியும் இடம் எல்லாம் பாறைக்குள்ளேயே குடைந்திருக்கிறார்கள். மேலே அலங்கரித்த அறைகளையும் பார்த்தேன். எதுவும் நினைவில் இல்லை. அந்த அடுப்பு நினைவில் இருக்கிறது.

என்னை இந்தப் பக்கம் திருப்பிவிட்டவர் ஒரு நண்பர். புதுச்சேரிக்காரர், தூர் நகரத்தில் நாற்பது வருடமாக இருக்கிறார். நான் போன முதல் நாள் சுற்றுலாப் பேருந்தில் நாலு மாளிகை பார்த்துவிட்டுத் திரும்பினேன். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். கட்டில்கள், திரைச்சீலைகள் என்றேன். மறுநாள் பேசாமல் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பாறை வீட்டின் முன் நிறுத்தினார். அவருக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் வீடு. எண்பதைத் தாண்டியவர், அதே வீட்டில் பிறந்தவர்.

சமையலறையில் உட்கார்ந்தோம். முன்பக்கம் மட்டும் கட்டிய சுவர், மற்றதெல்லாம் மலை. கூரையில் குந்தாலித் தடங்கள் சாய்வாக, வரிவரியாக, சீப்பு இழுத்த தலைமுடி போல. அவை ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும், ஓர் இடத்தில் மட்டும் திசை மாறும். அந்த இடத்தைக் கைத்தடியால் காட்டி, இங்கே வேறு ஆள் வந்திருக்கிறான், இடதுகைக்காரன் என்றார். சுவரில் குடைந்த மாடம் ஒன்று, விளக்கு வைத்த கரி இன்னும் போகவில்லை. ஒரு துண்டுக் கல்லை மேசையில் வைத்து அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். ஒரு சொட்டு மேசையில் வழியவில்லை. கல் நிறம் மட்டும் மாறியது.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டாராம். பொந்தில் வாழ்கிறவன் என்பார்களாம். போட்டிருக்கும் கோட்டில் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் பள்ளிக்குள் நுழையும் முன் அம்மா தட்டிவிடுவாள் என்றார். சொல்லும்போது அவர் கை தன் தோளைத் தட்டியது. இப்போது அதே தெருவில் குகை அறைகளை விடுதியாக நல்ல விலைக்கு விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, இடிந்து போவதைவிட அது மேல். ஆனால் அங்கே தங்குகிறவர்கள் கூரையைப் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது அந்தத் துண்டுக் கல்லை என் கையில் கொடுத்தார். என் கோட்டிலும் மாவு. நண்பர் தட்டிவிட வந்தார், நான் விடவில்லை.

ஆகவே, குற்றவுணர்வு எனக்கு வரவில்லை. மாளிகையைப் பார்த்தால் அந்த இடதுகைக்காரர் நினைவுதான் வருகிறது. ரசிக்காமல் இருந்தால் அவர் வேலையையும் சேர்த்து ஒதுக்கியதாகிவிடும். லோஷில் இன்னொருவர் கையும் இருக்கிறது. மிலான் பிரபு லுதோவிகோ ஸ்ஃபோர்சாவைப் பிரெஞ்சு ராஜா அங்கே சிறை வைத்தார். அவர் தன் அறைச் சுவரில் நட்சத்திரங்களும் எழுத்துமாக வரைந்து வைத்துவிட்டு 1508ல் இறந்துபோனார். அது இன்னும் இருக்கிறது.

2000ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது சுல்லியிலிருந்து ஷலோன் வரை சுமார் 280 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு முழுவதையும். நதி, கரை, திராட்சைத் தோட்டம், ஊர்கள் எல்லாம் அதில் சேர்த்தி. உங்கள் பட்டியலில் நதி எங்கே?

சாப்பாடு, டிக்கெட் விலை, பார்க்கிங் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அதெல்லாம் போனால் தெரியும்.

அம்மாவுக்கு மட்டும் சொல்கிறேன். ஷெனோன்சோவுக்கு அழைத்துப் போங்கள். ஷேர் நதிக்குக் குறுக்கே பாலம் போட்டு, அதன் மேல் கூடம் கட்டிய மாளிகை. முதல் உலகப் போரில் அந்தக் கூடத்தில் இரண்டு வரிசையாகக் கட்டில் போட்டுக் காயம்பட்டவர்களைப் படுக்க வைத்திருந்தார்கள். கீழ்த்தளத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளட்டும். மெதுவாக நடந்து ஒரு ஜன்னலில் நின்றால் அடியில் தண்ணீர் போவது தெரியும்.

மறுநாள் சொமூர்ச் சாலை. பாறை வீடுகளில் பல சாலை மட்டத்திலேயே இருக்கும், பார்க்கத் திறந்திருப்பவற்றில் படி இல்லாத ஒன்றை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் அவர் கையைப் பிடித்துச் சுவரில் வையுங்கள். பிறகு மகளைக் கூப்பிட்டுக் கூரையில் குந்தாலித் தடம் எங்கே திசை மாறுகிறது என்று தேடச் சொல்லுங்கள்.

திரும்பி வந்து எழுதுங்கள். அம்மா என்ன சொன்னார் என்பதையும் எழுத வேண்டும்.

அன்புடன்.